பகிடியும் வதையும்

'பகிடிவதை' என்னுஞ் சொல் ஈழத்துத் தமிழர் தமக்கென ஆக்கிக்கொண்ட சொற்களுள் ஒன்று. தமிழகத்திலே 'ராகிங்' என ஆங்கில ஒலியிலேயே வழங்கப்படும் ஒரு செயலுக்கு நாம் நமது மொழியிற் பெயரிட்டுள்ளோம். பகிடி என்பது வேடிக்கை. வதை என்பது துன்புறுத்தல். இவ்விரு சொற்களையும் ஒன்றாகப் பிணைத்தவர் எவராயினும் அவர் நேர்மையாளர். ஒருவருக்குப் பகிடியாவது இன்னொருவருக்கு வதையாகின்றது என்ற உண்மையை அவர் மறைக்க முயலவில்லை. நடைமுறையிலோ "சும்மா பகிடிக்குத்தானே" என்கின்றனர் சிரேஷ்ட மாணவர். "பிள்ளைகளின் பகிடி" என்கின்றனர் சில விரிவுரையாளரும் பெற்றோரும். சொல்லின் முற்பாதி மாத்திரம் வெளியுலகில் நடமாடுகின்றது. பிற்பாதி புதுமுக மாணவனின் விடுதி அறைக்குள்ளே தங்கிவிடுகின்றது.

இந்த வதையின் வரலாற்றை உணர்ச்சிச் சொற்களாற் கூறின் அது மேடைப் பேச்சாகத் தோன்றக்கூடும். ஆதலால் சில ஆண்டுகளை மாத்திரம் குறிப்பிடுவோம். 1975ஆம் ஆண்டு, பேராதனை விவசாய பீடத்து மாணவி ஒருவர், பகிடிவதைக்குத் தப்புவதற்காக இராமநாதன் மண்டபத்தின் மேல்மாடியிலிருந்து குதித்தார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு நடக்கவியலாதவரானார். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்நிலையிலே வாழ்ந்து, 1997இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அதே 1997இல், பேராதனைப் பொறியியற் பீடத்திலே புதிதாகச் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர், அளவுக்கு மீறிய உடற்பயிற்சிகளைச் செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து மரணமானார். அவ்வாண்டிலேயே அம்பாறையிலே தொழினுட்பக் கல்வி நிறுவனமொன்றில் இன்னொரு மாணவர் இறந்தார். இம்மரணங்களின் பின்னரே, 1998இல், கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடை செய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்து நான்கு ஆண்டுகளில், 2002இல், ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் ஒரு மூன்றாமாண்டு மாணவர் தாக்கிக் கொல்லப்பட்டார். பகிடிவதையை எதிர்த்துச் சக மாணவரிடையே இயக்கம் நடத்தியதே அவர் செய்த குற்றம்.

அண்டை நாட்டிலும் கதை இதுவே. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியிலே முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவராற் கொலையுண்ட பின்னரே 1997இல் தமிழ்நாட்டிற் சட்டம் பிறந்தது. ஒரு பிள்ளையின் பிணத்தைக் காணும்வரை நமது சட்டமன்றங்களுக்கு இது பகிடியாகவே தோன்றியது போலும்!

சட்டம் வேண்டாமென்பது நமது கருத்தன்று. உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு விளைவிக்கும் செயலையும், அச்சமூட்டும் செயலையும் அது குற்றமாக வரையறுக்கின்றது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறையும், பாலியற் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ நேருமிடத்துப் பத்தாண்டு வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு. இருந்தும் வதை ஓயவில்லை. தண்டனையைப் பற்றி அறியாமலா மாணவர் இதைச் செய்கின்றனர்? நன்கு அறிந்தே செய்கின்றனர். அறிந்தும் செய்கின்றனரெனின், தாம் செய்வது நியாயமானது என்று அவர்கள் நம்புதற்குச் சில காரணங்கள் இருத்தல் வேண்டும். அக்காரணங்களை எதிர்கொள்ளாது பொலிஸாரை மாத்திரம் அழைப்பது, நோயை விட்டு வெப்பமானியுடன் போராடுவதை ஒக்கும்.

பகிடிவதைக்காகக் கூறப்படும் முதலாவது நியாயம் மரபு. "நாமும் பட்டோம், நீங்களும் படுங்கள்." மரபு என்று கொண்டால் அது நம்முடையதுமன்று. மத்தியகால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவன் 'மஞ்சள் அலகுக் குஞ்சு' எனப் பொருள்படும் பெயராற் கேலி செய்யப்பட்டான். ஜெர்மானிய நாடுகளிலே அவன் கொம்புள்ள விலங்காக வேடமிடப்பட்டு, கொம்பு அறுக்கப்பட்டு, 'மனிதனாக' மாற்றப்படும் சடங்கு நிகழ்ந்தது. ஆங்கிலேயரின் தனியார் விடுதிப் பாடசாலைகளில் இளைய மாணவன் மூத்தவனுக்குச் சப்பாத்துத் துடைத்து, தேநீர் தயாரித்து, அடியும் வாங்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நிலவிற்று. சாம்ராச்சியத்தை ஆளப் புறப்படுவோருக்கு அது பொருத்தமான பயிற்சியே: முதலிற் பணியக் கற்பது, பின்னர் பணிவிக்கக் கற்பது. நமது நாட்டின் உயர்தரக் கல்லூரிகள் அவ்வமைப்பின் சாயலிலேயே எழுந்தன. வெள்ளையன் போய்விட்டான், அவன் விடுதியிற் கற்ற பாடம் போகவில்லை.

இம்மரபின் உள்ளியக்கம் நமக்குப் புதிதன்று. மாமியாரிடம் கொடுமைப்பட்ட மருமகள், தான் மாமியாராகும் நாளிலே அக்கொடுமையைத் தன் மருமகளிடம் காட்டுவதை எத்தனையோ வீடுகளிற் கண்டிருக்கின்றோம். தன்னை வதைத்தவனிடம் அறவிட முடியாத கடனை, தனக்கு எதுவும் கொடுக்க வேண்டியிராத ஒருவனிடம் அறவிடுவதே இதன் கணக்கு. முதலாண்டில் அடிமை, இரண்டாமாண்டில் எசமான் என்ற ஏற்பாட்டிலே, அடிமைத்தனத்தை ஒழிக்கும் எண்ணம் எவனுக்கும் எழாதவாறு ஒரு பொறி உண்டு. அடுத்த ஆண்டு எசமானாகும் வாய்ப்பை எதிர்பார்த்திருப்பவன் எப்படிப் புரட்சி செய்வான்?

இரண்டாவது நியாயம், வதை மனவுரத்தைத் தருகின்றது என்பது. இதனை நாம் விரிவாக ஆராய வேண்டியதில்லை. 1975இல் மாடியிலிருந்து குதித்த அந்த மாணவிக்கு எந்த உரம் கிடைத்தது என்று கேட்டாற் போதும்.

மூன்றாவது நியாயமே நம்மை அதிகம் வருத்துகின்றது. ஏனெனில் அது நமது சொற்களிலேயே பேசுகின்றது. 'பகிடிவதை வர்க்க வேறுபாட்டை அழிக்கின்றது, கறுவாத் தோட்டத்து வைத்தியரின் மகனும் மலையகத்து லயன் அறையிற் பிறந்தவனும் ஒரே உடையில், ஒரே தரையில், ஒரே கட்டளைக்குப் பணிகையில் ஏற்றத்தாழ்வு மறைகின்றது, செருக்கு அழிகின்றது, மாணவர் ஒற்றுமை பிறக்கின்றது' என்பர். இவ்வாதத்தை நாம் கொழும்புக் கனவான்களிடமிருந்து கேட்கவில்லை. இடதுசாரி நூல்களைக் கையில் வைத்திருக்கும் இளைஞரிடமிருந்தே கேட்டிருக்கின்றோம். மாணவர் அரசியலிற் சமத்துவச் சொற்களை ஆளுவோர் சிலர் இவ்வாறு பகிடிவதையை நியாயப்படுத்தி வந்துள்ளமை மறைக்கத்தக்கதன்று. மறைத்தால் நாம் நம்மையே ஏமாற்றுபவராவோம்.

இவ்வாதத்தின் பின்னே உண்மையான மனக்குறை ஒன்றுண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஐ அண்டிய ஆண்டுகளிற் சிங்களமும் தமிழும் பல்கலைக்கழகப் போதனாமொழிகளாயின. கிராமத்துப் பிள்ளைகள், விவசாயிகளின் பிள்ளைகள், சாரமும் செருப்புமாகப் பேராதனைக்குள் நுழைந்தனர். ஆங்கிலம் பேசி, முள்ளும் கரண்டியும் கொண்டு உணவருந்திய ஒரு சிறு கூட்டத்தின் ஏளனப் பார்வையே அங்கு அவர்களை வரவேற்றது. சிங்கள மாணவர் ஆங்கிலத்திற்கு இட்ட பரிபாஷைப் பெயர் 'கடுவ' என்பது. வாள் என்பது அதன் பொருள். அம்மொழியை வாளாக உணர்ந்தவன் வெட்டுண்டவனாகத்தான் இருத்தல் வேண்டும். அந்தக் காயத்தை நாம் ஏளனஞ் செய்யோம்.

ஆயினும் அக்காயத்திற்கு மருந்து எது? ஆங்கிலம் பேசும் புதுமுக மாணவனை வாய்மூடச் செய்வதா, ஆங்கிலம் அறியாதவனுக்கு அதைக் கற்பிப்பதா? பல விடுதிகளில் ஆங்கிலம் பேசுதல் 'பகட்டு' எனத் தடை செய்யப்படுவதை அறிவோம். பகட்டுக்காரனுக்கு இதனால் நட்டமில்லை. அவன் வீட்டிலே பேசிக்கொள்வான். தவறுகளுடன் பேசிப் பழகவேண்டிய வவுனியாக் கிராமத்துப் பிள்ளைக்கோ பேசிப் பழக அந்த வளாகத்தை விட்டால் வேறிடமில்லை. நான்காண்டுகளின் பின் நேர்முகப் பரீட்சையிலே அவனே நாத் தடுமாறி நிற்பான். வாளை உடைப்பதாகக் கூறி, வாளில்லாதவனையே மீண்டும் வெறுங்கையுடன் போருக்கு அனுப்புகின்றார்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வதை தாங்காது பல்கலைக்கழகத்தை விட்டு விலகும் மாணவன் எங்கே போவான்? வசதியுள்ளவனுக்குத் தனியார் நிறுவனம் உண்டு, வெளிநாடு உண்டு. நகரத்திலே வீடுள்ளவன் விடுதியைத் தவிர்த்து வீட்டிலிருந்தே வந்துபோகலாம். உயர்தரப் பரீட்சையிலே மாவட்டத்தின் முன்னணியில் வந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாயிலை மிதித்த பிள்ளைக்கு அவ்வாயிலைத் தவிர வேறு வாயில் இல்லை. ஆகவே வர்க்கத்தை அழிக்கப் பிறந்ததாகக் கூறப்படும் இச்சாதனம், ஏழையையே வடிகட்டி வெளியேற்றுகின்றது. அன்றேல் அவன் வாய்திறவாது எல்லாவற்றையும் சகிக்கச் செய்கின்றது. முதலாளித்துவம் தன் செலவிற் செய்யவேண்டிய வேலையை நமது தோழர்கள் இலவசமாகச் செய்து கொடுக்கின்றனர்.

சமத்துவம் என்பது யாது என்பதற்கு நமது மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் இருத்தப்பட்ட காலம் ஒன்றிருந்தது. ஏனையோர் வாங்கிலில் இருந்தனர். 1930ஐ அண்டிய ஆண்டுகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமென அரசு பணித்தபோது சாதிமான்கள் கொதித்தெழுந்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. அப்போராட்டத்திலே கேட்கப்பட்டது யாது? தரையில் இருந்த பிள்ளை வாங்கிலில் ஏறவேண்டும் என்பதே. வாங்கிலில் இருந்த பிள்ளையைத் தரையில் தவழவிட வேண்டும் என்பதன்று. சம ஆசனத்தில் எல்லாரும் இருப்பர். கட்டளையிட்டபடி நிற்பவன் ஒருவனும் இரான். பகிடிவதையிலோ எல்லாரும் தவழ்கையில் ஒருவன் நிற்கின்றான். நிற்பவன் ஒருவன் உள்ளவரை தவழ்வோர் தமக்குட் சமமாயிருப்பதை நாம் சமத்துவம் என அழைத்தல் தகுமோ? அடிமைக் கப்பலின் அடித்தட்டிலும் அத்தகைய சமத்துவம் இருந்ததே!

மேலும், அவமதிப்பு எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதுமில்லை. ஒருவனது ஊர்ப்பெயர், பேச்சுவழக்கு, தோற்றம், திக்குவாய், தந்தையின் தொழில் ஆகியவற்றைத் தோண்டியெடுத்தே பகிடி தயாராகின்றது. எந்த வேறுபாடுகளை மறக்கச் செய்வதாகக் கூறுகின்றார்களோ அவ்வேறுபாடுகளையே அது கூரையேறிக் கூவுகின்றது. பெண்பிள்ளைகள்மீது விழும் சொற்களை இங்கு எழுதவும் கூசுகின்றது.

இது பல்கலைக்கழகத்திலே தொடங்குவதன்று. அங்கு வருமுன்னரே பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலையில் நமது பிள்ளைகள் இதற்குப் பயிற்சி பெறுகின்றனர். பயிற்றுவிப்போர் யார்? ஆசிரியர்களாகிய நாமே. இதைக் கூறுகையில் நமது சொந்த நினைவொன்றைச் சொல்லாமற் கடக்க மனம் ஒப்பவில்லை.

நாம் எட்டாம் வகுப்பிற் படித்த காலத்திலே திக்குவாயுள்ள மாணவன் ஒருவன் நம்முடன் இருந்தான். தமிழ்ப்பாடம் கற்பித்த ஆசிரியர் நல்ல புலமையாளர்; வகுப்பைக் கலகலப்பாக வைத்திருப்பவர் என்று பெயரெடுத்தவர். வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில், பிள்ளைகள் சோர்ந்திருக்கும் வேளையில், அவர் அம்மாணவனை எழுப்பி உரத்து வாசிக்கச் சொல்வார். பகரத்திலும் ககரத்திலும் அவன் தடக்கி நிற்பான். ஆசிரியர் அத்தடக்கலைத் தாமும் ஒருமுறை செய்து காட்டுவார். வகுப்பு சிரிக்கும். நாமும் சிரித்தோம். முன்வாங்கிலில் இருந்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தோம். அடித்தவரில்லை, ஏசியவரில்லை, ஆகவே நாம் ஒரு தவறும் செய்யவில்லை என்றே அன்று எண்ணினோம். ஒன்பதாம் வகுப்பிற்கு அவன் வரவில்லை. அவன் ஏன் வரவில்லை என்று ஆசிரியரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

பின்னாளில் நாமும் ஆசிரியராகிப் பயிற்சி பெற்ற வேளையில், இது குறித்து நோர்வே நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளைப் படிக்க நேர்ந்தது. டான் ஒல்வேயஸ் என்னும் உளவியலாளர் 1970களிலேயே பாடசாலைத் துன்புறுத்தலை முறையாக ஆராயத் தொடங்கியவர். வலிமையிற் சமமற்ற இருவரிடையே, மீண்டும் மீண்டும் நிகழ்வதே துன்புறுத்தல் என அவர் வரையறுத்தார். 1982இல் நோர்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவரின் துன்புறுத்தலே காரணமெனக் கருதப்பட்டது. மறு ஆண்டே அந்நாட்டரசு நாடளாவிய இயக்கமொன்றைத் தொடங்கிற்று. பேர்கன் நகரத்துப் பாடசாலைகளில் ஒல்வேயஸ் வகுத்த முறை கைக்கொள்ளப்பட்டபோது துன்புறுத்தல் பெருமளவு குறைந்தது. அவர் செய்தது மாயவித்தையன்று. இடைவேளையில் விளையாட்டிடத்தில் ஆசிரியர் நிற்றல், வகுப்பில் மாணவருடன் சேர்ந்து தெளிவான விதிகளை வகுத்தல், விதி மீறப்பட்டால் அன்றே அதைப் பற்றிப் பேசுதல், பெற்றோரை அழைத்தல் என்பனவே அவை. நமது பாடசாலைகளில் இடைவேளை ஆசிரியரின் தேநீர் நேரம். மலசலகூடத்தின் பின்புறமும் விளையாட்டிடத்தின் மூலையும் பெரிய பையன்களின் இராச்சியம்.

அவரது வரையறையிலிருந்து நாம் பெறவேண்டிய ஒரு முடிவு உண்டு. அதிபர்கள் பலர், அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒன்றாக அழைத்து, "இருவரும் கைகுலுக்கிச் சமாதானமாகப் போங்கள்" என்று அனுப்பிவிடுகின்றனர். சமமானவரிடையே மூண்ட சண்டைக்கு அது தகும். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே சமரசம் பேசுவோரை ஐயத்துடன் நோக்கும் நாம், பாடசாலை முற்றத்திலே அதே சமரசத்தை எப்படி ஏற்றுக்கொள்கின்றோம்? கைகுலுக்கிய பின்னர் அடிபட்டவன் தனியே வீடு செல்ல வேண்டியவன் என்பதை மறத்தலாகாது.

பின்லாந்திலே கிறிஸ்டினா சால்மிவல்லி என்பாரும் அவர்தம் சகாக்களும் 1990களிற் காட்டிய உண்மை நமது மனச்சாட்சியை நேராகத் தொடுவது. துன்புறுத்தல் இருவருக்கிடையிலான விவகாரம் அன்று என்றனர். வதைப்பவனுக்குத் துணைபோவோர், சிரித்து ஊக்குவிப்போர், ஒதுங்கி நிற்போர், துன்புற்றவனைக் காப்போர் என வகுப்பு முழுவதும் அதிற் பங்குகொள்கின்றது. பார்வையாளர் இன்றேல் வதைப்பவனுக்கு மேடையில்லை. அந்நாட்டுப் பாடசாலைகள் பல, வதைப்பவனைத் திருத்துவதைப் போலவே, பார்த்து நிற்போரை அசைப்பதையும் நோக்கமாகக் கொண்ட ஒரு திட்டத்தைப் பின்னர் கைக்கொண்டன. அதைப் படித்தபொழுது வெள்ளிக்கிழமைப் பிற்பகலும் முன்வாங்கிலும் நம் நினைவிற்கு வந்தன. நமது சிரிப்பு அன்று ஓர் உத்தியோகம் பார்த்திருக்கின்றது.

பகிடிவதை ஒழிப்பு என்ற பெயரில் அதிகாரிகள் மாணவர் சங்கங்களை நசுக்குவர் என்று கூறும் தோழர்களின் அச்சத்தை நாம் அறிவோம். அது வெறும் கற்பனையன்று. எந்தக் கோலையும் எந்த முதுகிலும் வீசத் தெரிந்தவர்கள் ஆட்சியாளர்கள். ஆனால் அந்தக் கோலை அவர்கள் கையிற் கொடுப்பவர் யார்? விடுதியின் நள்ளிரவிலே முதலாண்டு மாணவனை முழந்தாளிட வைக்கும் சங்கத் தலைவன், மறுநாட் காலை பல்கலைக்கழகத் திறைசேரி வெட்டுக்கு எதிராக ஊர்வலம் அழைக்கையில், அம்மாணவன் பின்னால் வருவது நம்பிக்கையாலா, அச்சத்தாலா? அச்சத்தாற் சேர்ந்த கூட்டம் பொலிஸாரின் முதற் கண்ணீர்ப்புகையோடு கலைந்துவிடும். 2002இல் கொல்லப்பட்ட மாணவர் துணைவேந்தரின் ஆளல்லர், அரசாங்கத்தின் ஆளுமல்லர். அவர் மாணவர், மாணவரிடமே பேச முயன்றவர். அவரைக் கேட்டிருக்க வேண்டிய இடம் மாணவர் இயக்கமே.

சில வளாகங்களில் வேறுவகை இளைஞரையும் கண்டிருக்கின்றோம். புதுமுக மாணவர் வரும் நாளிலே புகையிரத நிலையத்தில் நின்று, பெட்டியைத் தூக்கி, பஸ் எதுவெனக் காட்டி, மலிவான சாப்பாட்டுக் கடையைக் காட்டி, கடந்த ஆண்டு விரிவுரைக் குறிப்புகளைப் பிரதி செய்து கொடுக்கின்றனர். மாலையில் ஆங்கில வகுப்பு நடத்துகின்றனர். தவறாகப் பேசினாற் சிரிப்பவன் அன்றைய தேநீர்ச் செலவை ஏற்கவேண்டும் என்பது அங்குள்ள ஒரே விதி. இவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதில்லை. ஒருவரும் மாடியிலிருந்து விழாத இரவு செய்தியாவதில்லை.

நம்முடன் எட்டாம் வகுப்பிற் படித்தவரை அண்மையில் ஊரிற் சந்தித்தோம். சந்தியிலே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கின்றார். மூத்த மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருப்பதாகக் கூறி, கையைத் துணியில் துடைத்துவிட்டு, கடிதத்தை எடுத்துக் காட்டினார். செலவைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"மச்சான், நீ அங்கை ஆக்களை அறிஞ்சிருப்பாய். ப... பகிடிவதை அங்கை எப்பிடி? பிள்ளை பயந்தது."

பகரத்திலே அவர் நா சற்றுத் தடக்கிற்று. கடையில் வேலைசெய்த இரு பையன்களும் தலைநிமிராமல் ரியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தனர். நாம் எமக்குத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை அக்கடிதத்தின் பின்புறத்திலே எழுதிக் கொடுத்தோம். எந்நேரமும் அழைக்கலாம் என்றோம். அவர் அதை இருமுறை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.